கார்த்திகை முதல் பொங்கல் வரை: குமரி மாவட்ட வீடுகளில் பண்டிகைக் காலத்தை உடம்பு கெடாமல் கடக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் மாவட்டத்தில் பண்டிகை ஒரு நாளில் வந்து ஒரு நாளில் போவதில்லை. நவம்பர் கடைசியில் கோட்டார் சவேரியார் கோயிலில் கொடியேறும். டிசம்பர் 3-இல் அந்தத் திருவிழா முடியும்போது மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அதை ஒட்டித் திருக்கார்த்திகை. மார்கழியில் சுசீந்திரம் தேர். நடுவில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு. கிறிஸ்துமஸ் கழிந்ததும் வரிசையாகக் கல்யாண வீடுகள். கடைசியில் பொங்கல். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கே இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறைய சரிபாதி. அதனால் நம் வீட்டுப் பண்டிகை முடிந்தாலும் பக்கத்து வீட்டுப் பண்டிகை தொடங்கிவிடும். கார்த்திகைக் கொழுக்கட்டை அவர்கள் வீட்டுக்குப் போகும், கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கும் கேக்கும் திரும்பி வரும். இந்தக் கொடுக்கல் வாங்கல் இந்த மண்ணின் பெரிய சொத்து. அதைக் குறைக்கச் சொல்லி இந்த வழிகாட்டியில் ஒரு வரிகூட இருக்காது.

ஆனால் ஏறத்தாழ இரண்டு மாதம் இப்படி ஓடினால் உடம்பில் கணக்கு ஏறும். என் அம்மாவுக்கு சுகர் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் நவம்பரில் எடுத்த மூன்று மாத சுகர் பரிசோதனை (ஹெச்பிஏ1சி) 7-ஐ ஒட்டி இருந்தது. பிப்ரவரியில் பார்த்தால் 8-ஐத் தாண்டிவிட்டது. அம்மா எந்த விருந்திலும் அளவுக்கு மீறிச் சாப்பிடவில்லை, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அப்புறம் எப்படி ஏறியது என்று உட்கார்ந்து யோசித்தபோதுதான் விஷயம் புரிந்தது. விருந்து நடந்தது எட்டோ ஒன்பதோ நாள். மற்ற நாட்களில் காலைக் காப்பியோடு ஒரு முந்திரிக்கொத்து, பதினோரு மணிக்கு ஒரு கை உப்பேரி (நேந்திரங்காய் வறுவல்), மாலையில் யாரோ கொண்டுவந்த கேக்கில் ஒரு துண்டு. கெடுதல் விருந்து இலையிலிருந்து வரவில்லை, அடுக்களை அலமாரியில் இருந்த டின்னிலிருந்து வந்தது. மறுவருடம் இதைப் புரிந்து நடந்தோம். அப்படி நடந்த விதத்தைத்தான் படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒரு சொல் விளக்கம் முதலிலேயே: எங்கள் ஊரில் சர்க்கரை என்றால் வெல்லம். வெள்ளையாக இருப்பது சீனி. நோயைச் சுகர் என்போம். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

படி 1: நாட்காட்டியை எடுத்து விருந்து நாட்களை வட்டமிடுங்கள்

நவம்பர் கடைசி வாரமே இதைச் செய்துவிட வேண்டும். வீட்டில் தொங்கும் தினசரி நாட்காட்டி போதும். உங்கள் வீட்டுப் பண்டிகை, தவிர்க்க முடியாத கல்யாணம், பக்கத்து வீட்டில் நிச்சயம் கூப்பிடும் விருந்து, எல்லாவற்றையும் வட்டமிடுங்கள். நவம்பர் கடைசி வாரத்திலிருந்து பொங்கல் வரை தோராயமாக ஐம்பது நாள் என்று வைத்தால், பெரும்பாலான வீடுகளில் வட்டம் பத்தைத் தாண்டாது.

வட்டமிட்ட நாளில் மனம் நிறையச் சாப்பிடலாம். மீதி நாற்பது நாளும் சாதாரண நாள். பண்டிகைக் காலம் முழுவதையும் பண்டிகை நாளாக நினைத்துக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது.

நம் பெரியவர்கள் இதற்கு ஏற்கெனவே வழி செய்து வைத்திருக்கிறார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்ட வீடுகளில் கார்த்திகை முதல் தேதியிலிருந்து 41 நாள் மரக்கறிச் சாப்பாடுதான். கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலம், அடக்கமாக இருந்து காத்திருக்கும் காலம் அது. இரு பக்கமும் விருந்துக்கு முன்னால் ஒரு ஒடுக்கம் இருக்கிறது. அதை உணவிலும் கடைப்பிடித்தால் புதிதாக எந்த டயட்டையும் தேட வேண்டியதில்லை.

படி 2: பலகாரத்தின் அளவை அடுப்பு பற்றவைக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்

இதில்தான் மொத்த வெற்றியும் இருக்கிறது. சுட்டு டின்னில் அடைத்த பிறகு மன உறுதியை நம்பிப் பயனில்லை.

எங்கள் வீட்டில் முன்பெல்லாம் மூன்று டின் நிறையும். இப்போது எண்ணிச் சுடுகிறோம். கொடுக்க வேண்டிய வீடுகள் எத்தனை, ஒரு வீட்டுக்கு எவ்வளவு, வரும் விருந்தாளிகளுக்கு எவ்வளவு, நம் வீட்டாருக்கு ஐந்து நாளுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் தேவை பாதியாகிவிடுகிறது. சுட்ட மறுநாளே கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட வேண்டும். மார்கழியில் மழை ஈரம் இருந்தால் உப்பேரியும் முறுக்கும் சீக்கிரம் நமத்துவிடும். 'வீணாகிவிடுமே' என்று தின்பதுதான் ஜனவரியில் நடப்பது.

எதைச் சுடுவது என்பதிலும் யோசனை வேண்டும்.

முந்திரிக்கொத்து நம் பலகாரங்களிலேயே உள்ளே சரக்கு உள்ளது. பேரில் முந்திரி இருந்தாலும் உள்ளே இருப்பது வறுத்துத் திரித்த சிறுபயறு, தேங்காய், எள், ஏலக்காய், சுக்கு. புரதமும் நாரும் இருக்கிறது. சிக்கல், பாகில் சேரும் சர்க்கரையிலும் மேல்மாவு குடிக்கும் எண்ணெயிலும். நாங்கள் செய்யும் மாற்றம் இரண்டு. ஒரு கிலோ பயறுக்கு முன்பு போட்ட சர்க்கரையில் கால்பங்கைக் குறைத்து, பதிலாகத் தேங்காயைச் சிவக்க வறுத்துக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்க்கிறோம். உருண்டையைச் சிறுநெல்லிக்காய் அளவுக்குச் சிறிதாக்கி, மூன்று மூன்றாக ஒட்டுகிறோம். கொத்து கொத்தாகவே இருக்கும், அளவு மட்டும் பாதி. வீட்டில் உள்ளவர்களுக்குப் பூரணத்தை உருண்டையாகப் பிடித்து, பொரிக்காமலே கொடுத்துவிடுவதும் உண்டு. குழந்தைகள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

ஏத்தங்காய் உப்பேரி அப்படியல்ல. 100 கிராம் உப்பேரியில் 500 கலோரிக்கு மேல் இருக்கும், எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். அரைக்கிலோ பாக்கெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு டிவி பார்த்தால் ஒரு நேரச் சாப்பாட்டு அளவு தெரியாமல் உள்ளே போய்விடும். ஆகவே உப்பேரியை எப்போதும் சின்னக் கிண்ணத்தில் எடுத்து வந்து சாப்பிடுங்கள், பாக்கெட்டை மூடி உள்ளே வைத்துவிட்டு வாருங்கள்.

ஓலைக்கொழுக்கட்டையைப் பற்றி எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அரிசிமாவு, சர்க்கரை, தேங்காய் சேர்த்துப் பனை ஓலைக்குள் வைத்துக் கட்டி ஆவியில் வேகவைப்பது. ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, ஓலையின் மணம் பாதி இனிப்பின் வேலையைச் செய்கிறது. திருக்கார்த்திகைக்கு மட்டும் செய்துவிட்டு ஏன் விடுகிறோம் என்று தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் பொரித்த பலகாரத்தில் ஒன்றைக் குறைத்துவிட்டு இதைச் சேருங்கள். வட்டயப்பமும் ஆவியில் வேகும் பண்டம்தான்.

கருப்பட்டி பற்றி ஒரு எச்சரிக்கை. 'கருப்பட்டி சுகருக்கு நல்லது' என்று இங்கே பலரும் சொல்வார்கள், சில கடைகளில் எழுதியே வைத்திருக்கிறார்கள். கருப்பட்டியில் தாதுக்கள் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், மணமும் சுவையும் சீனிக்கு வராது, அதெல்லாம் சரி. ஆனால் அதில் பெரும்பங்கு சுக்ரோஸ், சீனியில் உள்ள அதே பொருள். சர்க்கரையும் அப்படித்தான். சுகர் உள்ளவர் கருப்பட்டிக் காப்பியை மூன்று வேளை குடித்தால் ரத்தத்தில் சுகர் ஏறத்தான் செய்யும். கருப்பட்டியைச் சுவைக்காக வாங்குங்கள், மருந்தாக நினைத்து வாங்காதீர்கள்.

படி 3: எண்ணெயைச் சரியாகக் கையாளுங்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். எண்ணெய் போதுமான சூட்டில் இல்லாவிட்டால் பலகாரம் அதிக எண்ணெய் குடிக்கும். ஒரு சொட்டு மாவு விட்டால் உடனே மேலே வரவேண்டும், புகை வரக்கூடாது. சட்டியில் ஒரே நேரத்தில் அதிகம் போட்டால் சூடு இறங்கிவிடும்.

பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சினால் கெடுதலான சேர்மங்கள் உருவாகும். கடைகளில் பயன்படுத்தும் எண்ணெயில் இவை 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்திருக்கிறது. வீட்டில் அளக்க வழியில்லை. அதனால் ஒருமுறை பொரித்ததை வடிகட்டி, இரண்டு மூன்று நாளில் தாளிக்க மட்டும் பயன்படுத்தித் தீருங்கள். நிறம் கருத்து, நுரைத்து, பிசுபிசுப்பாக வந்தால் கொட்டிவிடுங்கள். கொஞ்சமாக எண்ணெய் விட்டு சின்னச் சட்டியில் பொரித்தால் மிச்சமும் குறையும்.

தேங்காய் எண்ணெய் நம் சமையலின் உயிர். ஆனால் அதன் கொழுப்பில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு (ரத்தக் கொழுப்பைக் கூட்டக்கூடிய வகை) என்பதும் உண்மை. அவியலில் கடைசியாக ஊற்றும் ஒரு கரண்டிப் பச்சைத் தேங்காய் எண்ணெயை நான் விடமாட்டேன், அவியலுக்கு மணம் அதில்தான் இருக்கிறது. அந்த எண்ணெய்க்கு ஈடாகப் பொரியலையும் அப்பளத்தையும் குறைத்துக்கொள்வேன். கொழுப்பு ரத்தத்தில் கூடுதலாக இருப்பவர்கள் சாதாரண நாட்களில் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ மாற்றிப் பயன்படுத்தலாம்.

படி 4: சாதாரண நாளின் சாப்பாடு

நாற்பது நாள் இதில்தான் ஓடும் என்பதால் இங்கே நிதானமாகப் பார்ப்போம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு நாளைக்கு ஒருவருக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்று சொல்லியிருக்கிறார்கள். 400 கிராம் என்றால் தட்டில் பாதியாவது காய்கறி இருக்க வேண்டும். நம் வீடுகளில் வழக்கம் நேர்மாறு. சோறு மலையாக, துவரன் (தேங்காய் சேர்த்த காய்கறிப் பொரியல்) ஓரத்தில் ஒரு சிட்டிகையாக. இதைத் திருப்பிப் போட்டால் பாதி வேலை முடிந்தது. முதலில் தொடுகறியைத் தட்டில் வைத்துவிட்டு மீதி இடத்தில் சோறு போடுங்கள். அடுத்தவர் பரிமாறும் வீட்டில் இது கொஞ்சம் கஷ்டம், அங்கே முதலிலேயே 'துவரன் கூட வையுங்கள்' என்று கேட்டு வாங்கலாம்.

துவரன் என்பதே எவ்வளவு நல்ல கறி! பப்பாளிக்காய், வாழைப்பூ, முருங்கையிலை, தண்டன்கீரை, பயற்றங்காய் என்று தோட்டத்தில் எது கிடைத்தாலும் நறுக்கி, தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் கொரகொரப்பாக அரைத்துச் சேர்த்து, மூடி வைத்தால் பத்து நிமிடம். எண்ணெய் ஒரு தேக்கரண்டி போதும்.

இரவுக்கு எங்கள் வீட்டில் கஞ்சியும் பயறும். சம்பா அரிசிக் கஞ்சி, வேகவைத்த சிறுபயறு, ஒரு துவையல். சிவந்த சம்பா அரிசியில் தவிடு மிச்சமிருப்பதால் நார் உண்டு, பயற்றில் புரதம் உண்டு. வயிறு நிறையும், தூக்கம் கெடாது. ஆனால் சிவப்பரிசி என்பதால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று இல்லை. அதுவும் அரிசிதான், சுகர் உள்ளவர்கள் கஞ்சியைக் குறைத்துப் பயற்றைக் கூட்ட வேண்டும். அப்பளம் சுட்டது என்றால் ஒன்று, பொரித்தது வேண்டாம்.

மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) பற்றிக் கேட்பவர்கள் அதிகம். கிழங்கும் மீனும் சாப்பிட்டால் குற்றமா என்று. இல்லை. ஆனால் கிழங்கில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 38 கிராம் மாவுச்சத்து, புரதம் ஒன்றரை கிராம்கூட இல்லை. ஆகவே கிழங்கு சாப்பிடும் நேரத்தில் சோறு வேண்டாம், மீனைக் கூட்டிக்கொள்ளுங்கள். சாளையோ (மத்தி) அயிலையோ (கானாங்கெளுத்தி) நெத்திலியோ 100 கிராமில் 20 கிராம் அளவுக்குப் புரதம் தரும், ஒமேகா-3 கொழுப்பும் தரும். விலையுயர்ந்த நெய்மீன்தான் வேண்டும் என்பதில்லை. இந்த மாதங்களில் மீன்பிடித் தடைக்காலம் இல்லை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்திலிருந்து புது மீன் வரும். வறுக்காமல் குழம்பாகவோ நெத்திலி அவியலாகவோ வையுங்கள். கிழங்கை நன்றாக வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டும் நம் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். கிழங்கில் இயற்கையாக இருக்கும் சயனைடு சார்ந்த பொருளின் பெரும்பங்கு அப்படித்தான் நீங்குகிறது. கசக்கும் கிழங்கைச் சாப்பிடவே கூடாது.

மாலை போட்ட வீடுகளில் மீனுக்குப் பதிலாகக் கடலைக்கறி, பயறு, மோர், ஒரு கை வேர்க்கடலை. மரக்கறி நாட்களில் புரதம் குறைந்து சோறு கூடிவிடும், அதைக் கவனியுங்கள்.

நாலு மணிப் பசிக்கு டின்னைத் தேடி கை போகாமல் இருக்க, மேசைமேல் பழம் இருக்க வேண்டும். நம் மட்டி வாழைப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சின்னப் பழம், பச்சைக் குழந்தைக்கே கொடுக்கும் பழம், ஒன்று இரண்டு சாப்பிட்டால் இனிப்பு ஆசை அடங்கிவிடும். சுகர் உள்ளவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, கொய்யாவையோ பப்பாளியையோ எடுத்துக்கொள்ளலாம்.

படி 5: விருந்து இலையில் எப்படிச் சாப்பிடுவது

வட்டமிட்ட நாள் வந்துவிட்டது. முதல் தவறு, 'மத்தியானம் சத்தியை (இலை விருந்து) இருக்கே' என்று காலையில் பட்டினி கிடப்பது. பசி முற்றி உட்கார்ந்தால் அளவு கைவிட்டுப்போகும். சுகருக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குப் பட்டினி ஆபத்தும்கூட, சுகர் சட்டென்று இறங்கிவிடும். காலையில் இரண்டு இட்லியோ, ஒரு முட்டையும் ஒரு ஆப்பமுமோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். காது குத்து, கல்யாணம் எதுவானாலும் பந்தி எப்போது போடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

இலையில் உட்கார்ந்ததும் கண்ணை ஒருமுறை ஓடவிடுங்கள். அவியல், துவரன், எரிசேரி, கூட்டு, பச்சடி, கிச்சடி (தயிரில் காய் சேர்த்தது) எல்லாம் காய்கறி. நம் விருந்து இலையைப் போலக் காய்கறி நிறைந்த விருந்து வேறு எங்கும் அதிகம் இல்லை. அவற்றில் பாதியைச் சோறு வருவதற்கு முன்பே சாப்பிட்டு முடியுங்கள். காய்கறியும் பருப்பும் முதலில் போய், சோறு பின்னால் போனால் ரத்தத்தில் சுகர் ஏறும் வேகம் குறையும். சோறு ஒருமுறை மட்டும் வாங்கி, அதையே பருப்பு, சாம்பார், புளிசேரி, ரசம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழம்புக்கும் புதிதாகச் சோறு வாங்குவதில்தான் அளவு இரண்டு மடங்காகிறது.

உப்பு யாரும் கவனிக்காத இடம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்கிறது. இலையில் இரண்டு ஊறுகாய், இஞ்சிக்கறி, அப்பளம், உப்பேரி எல்லாம் சேர்ந்தால் அந்த ஒரு வேளையிலேயே பெரும்பகுதி முடிந்துவிடும். பிரஷர் உள்ளவர்கள் ஊறுகாயைத் தொட்டுக்கொள்வதோடு நிறுத்துங்கள், அப்பளத்தைப் பாயசத்தில் நொறுக்க ஒன்று மட்டும் வையுங்கள். அந்த ஒன்றை நானும் விடச் சொல்ல மாட்டேன்.

இப்போது பாயசம். அரைக்கிலோ சர்க்கரை போட்ட பிரதமனை (தேங்காய்ப்பால் சேர்த்த பாயசம்) பத்துப் பேருக்கு ஊற்றினால் தலைக்கு 50 கிராம். இனிப்பு ஒரு நாளில் 25 கிராமுக்குள் இருந்தால் மிக நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது ஒரே கரண்டியில் இரண்டு நாள் அளவு. இதற்குமேல் போளியும் பால்பாயசமும் வரும். என் யோசனை: எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்காமல், உங்களுக்கு மிகப் பிடித்த ஒன்றை மட்டும் அரைக்கரண்டி வாங்கி, மெதுவாகச் சாப்பிடுங்கள். எனக்கு அது அடைப் பிரதமன். சுகர் உள்ளவர்கள் அன்றைய சோற்றில் ஒரு பிடியைக் குறைத்துவிட்டு அந்த அரைக்கரண்டியைச் சாப்பிடலாம்.

வீட்டில் பாயசம் வைப்பவர்களுக்கு: ஏத்தம்பழப் பிரதமன் என்றால் தோல் கருத்த, நன்றாகக் கனிந்த பழத்தை எடுங்கள். பழத்தின் இனிப்பே பாதி வேலையைச் செய்யும், அரைக்கிலோ சர்க்கரை போடும் இடத்தில் 300 கிராம் போதும். சுக்கும் ஏலமும் தாராளமாக, ஒரு சிட்டிகை உப்பும் சேருங்கள், இனிப்பு தூக்கலாகத் தெரியும். மூன்றாம் பாலில் வேகவிட்டு, இரண்டாம் பாலில் கொதிக்கவிட்டு, கெட்டியான ஒன்றாம் பாலைக் கடைசியில் குறைவாக ஊற்றுங்கள். யாரும் குறை சொல்லவில்லை, நான் மூன்று வருடமாகச் செய்கிறேன்.

கடைசியில் இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட சம்பாரம் (நீர்மோர்) குடியுங்கள். எழுந்து கை கழுவியதும் படுக்கைக்குப் போகாமல் பத்து பதினைந்து நிமிடம் நடங்கள். சாப்பிட்ட உடனே நடக்கும் அந்த நடை சுகர் ஏற்றத்தைக் கண்கூடாகக் குறைக்கிறது, வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர்கள் நடந்த நாளும் நடக்காத நாளும் இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பாருங்கள். அம்மாவை நம்ப வைத்தது அந்த இரண்டு எண்கள்தான்.

படி 6: கிறிஸ்துமஸ் நாள்

நள்ளிரவுப் பூசை முடிந்து வீடு வரும்போது பசிக்கும். அந்த நேரத்தில் கேக்கும் பலகாரமும் சாப்பிடுவது பல வீடுகளில் வழக்கம். பூசைக்குப் போகும் முன் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டால், வந்ததும் ஒரு துண்டு கேக்கோடு நிறுத்த முடியும். மறுநாள் காலை ஆப்பமும் இறைச்சிக்கறியும். ஆப்பம் தனியாகப் பார்த்தால் லேசான பண்டம்தான், தேங்காய்ப்பால் மிதக்கும் குழம்புதான் அதைக் கனமாக்குகிறது. கோழியைத் தோல் நீக்கிச் சமையுங்கள். ஆட்டிறைச்சியோ மாட்டிறைச்சியோ என்றால் கண்ணுக்குத் தெரியும் கொழுப்பை வெட்டி எடுத்துவிட்டு, குழம்பில் மேலே மிதக்கும் நெய்யைக் கரண்டியால் வாரிக் கொட்டிவிடுங்கள். கூடவே வெங்காயம், வெள்ளரி, தக்காளி சேர்த்த தயிர்ப் பச்சடி பெரிய கிண்ணத்தில் இருக்கட்டும். மதியம் பிரியாணி உண்டென்றால் காலையில் ஆப்பம் இரண்டோடு போதும்.

மது அருந்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. சுகருக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் குடித்தால் நடு இரவில் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். பார்ப்பவர்கள் அதைப் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். இது உயிர் போகும் விஷயம். குடிக்காமல் இருப்பதே நல்லது.

படி 7: போகும் வீடுகளில் மறுப்பது எப்படி

பலருக்கு உண்மையான சிக்கல் இதுதான். 'ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோ மக்ளே' என்று மாமி தட்டை நீட்டும்போது எப்படி வேண்டாம் என்பது?

வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், பாதியைப் பிட்டு அங்கேயே சாப்பிடுங்கள். 'நல்லாயிருக்கு மாமி, பாக்கியை வீட்டுக்குக் கொண்டு போறேன், பிள்ளைக்குக் கொடுக்கணும்' என்று சொல்லுங்கள். காகிதத்தில் பொதிந்து இன்னும் நாலு கூடுதலாகக் கொடுத்துவிடுவார்கள், அது வேறு விஷயம், அதை மறுநாள் வேலை செய்யும் இடத்தில் பகிர்ந்துகொள்ளலாம். காப்பி, டீயில் மட்டும் உறுதியாக இருங்கள்: 'மைனி, எனக்குச் சீனி போடாம தாங்க.' ஒரே மாலையில் ஐந்து வீட்டில் இரண்டு கரண்டிச் சீனி போட்ட டீ குடித்தால் பத்துக் கரண்டி, ஏறத்தாழ 50 கிராம். இதைப் பலகாரக் கணக்கில் யாரும் சேர்ப்பதே இல்லை.

கொடுக்கும் பக்கத்திலும் நாம் மாறலாம். சுகர் உள்ள வீட்டுக்குப் பலகாரத் தட்டோடு ஒரு சீப்பு மட்டிப்பழமோ ஒரு பொதி அவித்த கடலையோ கொண்டுபோங்கள். வீட்டுக்கு வருபவரிடம் 'ஒண்ணுகூட எடுக்கலியே' என்று வற்புறுத்தாதீர்கள். அவர் வீட்டில் மருந்துச் சீட்டு இருப்பது நமக்குத் தெரியாது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு சொன்னது. நம் தெருவில் அது எத்தனை வீடு என்று எண்ணிப் பார்த்தாலே போதும்.

படி 8: சிலருக்குத் தனிக் கவனம்

சுகருக்கு மருந்து எடுப்பவர்கள் விருந்து நாளில் மாத்திரையைத் தாங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. நவம்பரிலேயே மருத்துவரைப் பார்த்து, 'இந்த நாட்களில் விருந்து இருக்கு, என்ன செய்யணும்?' என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கைநடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும், பதினைந்து நிமிடம் கழித்துச் சுகரைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு நேரத்துக்கு மட்டும் சீனிதான் மருந்து.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பழம், இளநீர், கிழங்கு எல்லாவற்றிலும் பொட்டாசியம் கட்டுப்பாடு இருக்கலாம். மேலே நான் நல்லது என்று சொன்ன பலவும் அவர்களுக்குப் பொருந்தாது. அவர்கள் தங்கள் மருத்துவர் கொடுத்த பட்டியலையே பின்பற்ற வேண்டும்.

மீந்த சாப்பாட்டைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். விருந்து வீட்டிலிருந்து தூக்குவாளியில் வந்த தேங்காய்ப்பால் பாயசமும் அவியலும் எப்போது சமைத்தவை என்று நமக்குத் தெரியாது. வந்ததும் குளிர்பெட்டியில் வையுங்கள், மறுநாள் நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிடுங்கள், வாடை மாறியிருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதில் சலுகையே கிடையாது.

படி 9: பொங்கலும் அதற்குப் பிறகும்

பொங்கல் நம் கூட்டத்திலேயே எளிதான பண்டிகை. சர்க்கரைப் பொங்கலை ஒரு சின்னக் கிண்ணம் சாப்பிட்டுவிட்டுக் கிழங்குக் கூடையின் பக்கம் திரும்புங்கள். சிறுகிழங்கு, சேனை, சேம்பு, காய்ச்சில், பனங்கிழங்கு என்று தை மாதம் கொண்டுவந்து கொட்டும். பனங்கிழங்கில் நார் ஏராளம், மென்றுதான் தின்ன வேண்டும், அதனாலேயே அளவு மீறாது. அவித்து, நாரை உரித்து, மிளகும் உப்பும் தொட்டுச் சாப்பிட்டால் மாலைப் பலகாரத்துக்கு வேறெதுவும் வேண்டியதில்லை. எல்லாக் கிழங்கும் மாவுச்சத்துதான் என்பதால் கிழங்கு நாளில் சோற்றைக் குறையுங்கள்.

காணும் பொங்கலன்று அலமாரியில் எந்த டின் பாக்கி இருந்தாலும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். கடற்கரைக்கோ திற்பரப்பு அருவிக்கோ போகும் கூட்டத்தில் பகிர்ந்து முடித்துவிடலாம். டின்னைக் கழுவி வெயிலில் காயவைத்து, அடுத்த கார்த்திகை வரை பரணில் ஏற்றுங்கள்.

ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை. ஆகவே பிப்ரவரி முதல் வாரத்தில் எடுத்தால் பண்டிகைக் காலம் முழுவதும் அதில் தெரியும். நவம்பரில் எடுத்த சீட்டையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். கூடவே எடை, பிரஷர், கொழுப்பு. அம்மாவுக்குப் போன பிப்ரவரியில் நவம்பரில் இருந்த அளவே இருந்தது. அந்த இரண்டு மாதத்தில் அவர் எட்டு விருந்தில் உட்கார்ந்திருந்தார், எட்டிலும் அடைப் பிரதமன் சாப்பிட்டார்.